எத்தனாவது தளத்தில் செத்தீர்கள்?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லோடு வராத அரை மணி நேரம் கிடைக்கும். மூட்டையில் சாய்ந்துகொண்டு, மிளகாய் நெடிக்கு இரண்டு தும்மல் போட்டுவிட்டு, மூன்று வருடமாக அந்த அரை மணியில் ஒரு சாக்கடைக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறேன். ஏறுகிறேன் என்று சொன்னது பொய். இறங்குவது மட்டும்தான். இறங்கின இடத்திலேயே செத்துப்போவேன்.

விளையாட்டின் பெயர் ஷாட்டர்டு பிக்சல் டன்ஜன். வாட்டாபூ என்ற புனைபெயரில் ஒரு ரஷ்யர் 2012இல் வெளியிட்ட பிக்சல் டன்ஜன்தான் இதற்கு மூலம். அவர் தன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட, 2014இல் இவான் டெபென்ஹாம் என்ற கனடாக்காரர் அதைக் கையில் எடுத்தார். அன்றைக்கு எடுத்தவர் பத்து வருடத்துக்கு மேலாக இழைத்துக்கொண்டே இருக்கிறார். ஆண்ட்ராய்டு போனில் காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, நெட் தேவையில்லை. வைகை எக்ஸ்பிரஸில் கொடைக்கானல் ரோடு தாண்டி சிக்னல் போய், பக்கத்து சீட்டுக்காரர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதும் நம் ஆட்டம் பாட்டுக்கு ஓடும்.

மொத்தம் 26 தளங்கள், எல்லாம் பூமிக்குக் கீழே. முதல் ஐந்து சாக்கடை, அடுத்த ஐந்து சிறைச்சாலை, அப்புறம் குகை, குள்ளர்களின் நகரம், அதற்கும் கீழே பேய்கள். 26ஆவது தளத்தில் ஒரு தாயத்து இருக்கிறது. எடுத்தால் ஜெயித்தோம். நடுவில் செத்தால் பழைய இடத்தில் இருந்து தொடர முடியாது. மறுபடி முதல் தளம். அதுவும் நமக்குத் தெரிந்த முதல் தளம் இல்லை. சுவர், கதவு, பொறி, பெட்டி எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகப் போட்டிருக்கும்.

இந்த வியாதியை நான் நாலைந்து பேருக்கு ஒட்டிவிட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் வந்து ஒவ்வொரு கருத்து சொன்னார்கள். ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒரே விளையாட்டைத்தான் ஆடுகிறார்களா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் அக்கா மகன். பொறியியல் இரண்டாம் வருடம். பப்ஜி தடைபட்ட 2020இல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவன். அடுத்த வருடம் அது வேறு பெயரில் திரும்பி வந்ததும்தான் வீட்டில் எல்லோருடனும் பேச ஆரம்பித்தான். அவனுக்கு இதை ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலமே தீர்ப்பு வந்துவிட்டது.

"மாமா, இது முழுக்க லக்கு. நாம ஆடுறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"எந்த ஃப்ளோர்ல செத்த?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா சொல்லு."

"மூணு."

மூன்றாவது தளத்தில் செத்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. சாக்கடை நண்டு ஒன்று நாம் ஓர் அடி வைப்பதற்குள் இரண்டு அடி வைத்து வந்து கொன்றுவிட்டுப் போகும். கொன்றதும் நமக்கு வரும் முதல் சொல் லக்குதான்.

அவன் எப்படிச் செத்தான் என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மரத்தடுப்பு போட்டு அடைத்த ஓர் அறையைப் பார்த்திருக்கிறான். திறக்க வழி தெரியாமல் விட்டுவிட்டு, வேறு மூலையில் கிடந்த பெயர் தெரியாத ஒரு குப்பியை எடுத்துக் குடித்திருக்கிறான். அது தீ. புல்தரையில் நின்றுகொண்டு குடித்திருக்கிறான், புல்லும் பிடித்துக்கொண்டது. நாலு கட்டம் தள்ளித் தண்ணீர் கிடந்தது. இறங்கியிருந்தால் அணைந்திருக்கும். அவன் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறான்.

இதில் அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்த விளையாட்டு ஒரு தளத்தில் மரத்தடுப்பு அறையைப் போட்டால், அதை எரிக்கும் குப்பியையும் அதே தளத்தில் எங்காவது போட்டுவிடும். பிரானா மீன்கள் நீந்தும் குளத்துக்கு அந்தப் பக்கம் பரிசை வைத்தால், மீன் கண்ணில் படாமல் நம்மை மறைக்கும் மருந்தும் அதே தளத்தில் இருக்கும். பூட்டைக் கொடுத்தவன் சாவியையும் கொடுத்திருக்கிறான். அக்கா மகன் சாவியை விழுங்கிவிட்டு லக்கு சரியில்லை என்கிறான்.

எங்கள் அப்பத்தா மேலூர் பக்கம். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் விரிப்பாள். அது முழுக்க முழுக்க லக்குதான். காய் எங்கே போகும் என்பதைக் கட்டை மட்டும்தான் முடிவு செய்யும். உச்சிக்குப் போகிற நேரத்தில் பெரிய பாம்பு கடித்துக் கீழே கொண்டுவந்து விட்டால், அழ வேண்டியதுதான், வேறு வேலை இல்லை. ஆடுபுலி அதற்கு நேர் எதிர். கட்டையே கிடையாது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும், தோற்றால் புத்தி போதவில்லை என்று அர்த்தம். அப்பத்தாவுக்கு இரண்டுமே பெரிதாகப் பிடிக்காது. அவளுக்குத் தாயம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் திண்ணையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்பாள். விழுவது விழும், ஆனால் நாலு காயில் எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுக்குக் கொடுப்பது, எதைப் பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் பத்திரமாக நிறுத்துவது என்பது நம் கையில். அவளுக்கு மட்டும் எப்படி நல்லதாகவே விழுகிறது என்று சின்ன வயதில் எனக்குப் பொறாமை. விழுந்தது எல்லோருக்கும் ஒன்றுதான் என்று புரிய நாளாயிற்று.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். "அப்ப தாயமே ஆடிறலாம்ல" என்றான். சரி.

அடுத்தது தோற்றம். திரையைப் பார்த்தவுடன் பாதிப் பேர் கேட்கும் கேள்வி, "என்ன இது கட்டம் கட்டமா இருக்கு, லோடு ஆகலையா?" என்பது. தொண்ணூறுகளில் டிவியில் கேசட் சொருகி விளையாடியவர்களுக்கு உடனே சிரிப்பு வரும். மற்றவர்களுக்கு அது குறையாகத்தான் படும்.

ஆரம்பத்தில் அது குறைதான். 1980இல் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரண்டு கலிபோர்னியா மாணவர்கள் ரோக் என்ற விளையாட்டைச் செய்தபோது, அவர்களுடைய யூனிக்ஸ் கணினித் திரையில் எழுத்தைத் தவிர வேறு எதையும் காட்ட முடியாது. பின்னால் கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். திரையில் வேண்டிய இடத்தில் எழுத்தைப் போட உதவிய நிரல்தொகுப்பு அவருடையது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே அந்தச் சுழி, அதுதான் வீரன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, அதனால் பூதங்களும் 26 வகை. கலைத்துப் போட்ட தளம், பெயர் தெரியாத குப்பிகள், பசி, செத்தால் மறுபடி முதலிலிருந்து என்று இன்றைக்கு நாம் ஆடுகிற எல்லாமே அதில் இருந்தது. அதனால்தான் இந்த வகைக்கே ரோக்லைக், அதாவது ரோக் மாதிரி, என்று பெயர். 26ஆவது தளத்துத் தாயத்தும் அங்கிருந்து வந்ததுதான்.

அன்றைக்கு வேறு வழியில்லை, எழுத்து. இன்றைக்கு எத்தனையோ வழி இருந்தும் கட்டம். இது வெறும் பழைய நினைப்பா, சோம்பேறித்தனமா? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் விளையாட்டே ஆடாத ஒருவரிடமிருந்து வந்தது.

என் பள்ளி நண்பன் சௌராஷ்டிரர். நெசவுக் குடும்பம். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் சந்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவன் அப்பா கண் சரியாக இருந்தவரை சேலை பார்டருக்கு டிசைன் போட்டவர். கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளை அடித்து, ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் தறியில் அன்னமும் மாங்காயும் இறங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஆடிக்கொண்டிருந்தபோது போனை வாங்கி, மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இது கிராப்புல்ல தம்பி. யார் போட்டது?"

சொன்னேன். ஒரு தளத்தின் ஒவ்வொரு ஓடும் 16க்கு 16 புள்ளி, அதற்குள்தான் எலி, நண்டு, மனிதன் எல்லாம் என்றேன். அவர் எலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாலுக்கு எத்தன கட்டம் செலவழிச்சிருக்கான் பாரு. எண்ணி நாலஞ்சு. ஆனா வால்னு தெரியுதுல்ல? அதான் வேல. கட்டம் நிறையக் குடுத்தா யாரு வேணாலும் அன்னம் போடுவான். எங்களுக்கு இருவது இழைக்குள்ள முடிக்கச் சொல்லுவாங்க. கழுத்து வளையணும், ஆனா வளைக்கிறதுக்கு இடம் கிடையாது. படிப்படியாத்தான் இறங்கணும். எட்டி நின்னு பாத்தா வளைஞ்சிருக்கும்."

அதற்கப்புறம் நான் அந்த எலியை வேறு கண்ணால்தான் பார்க்கிறேன். பழைய மாதிரி இருப்பதால் எல்லாமே அழகு என்று சொல்ல மாட்டேன். சில விளையாட்டுகளில் புள்ளியைப் பெரிதாக்கி அதன்மேல் பளபளப்பையும் நிழலையும் பூசி, கிராப் தாளில் எண்ணெய் கொட்டினாற்போல ஆக்கிவிடுகிறார்கள். இதில் அந்தக் குழப்பம் இல்லை. கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதுதான் ஆட்டத்தில் இருக்கிறது. ஒரு கட்டம் என்றால் ஓர் அடி. புல் என்றால் தீப்பிடிக்கும். தண்ணீர் என்றால் அணையும். கதவு என்றால், அதை ஒட்டி ஒளிந்து நின்று உள்ளே நுழைகிறவனை அடித்தால் அடி தவறாது. தோற்றம்தான் விதிமுறை. படம் நிஜம் போல ஆகிவிட்டால், எந்தப் புல் எரியும், எந்தப் புல் அழகுக்கு நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஆள் எங்கள் மாடிப் போர்ஷன் அக்கா. தனியார் மருத்துவமனையில் நர்ஸ், மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே தூக்கம் வராமல் இருக்க ஏதாவது ஏற்றிக் கொடு தம்பி என்று கேட்டதால் கொடுத்தேன். அவருக்கு உடனே பிடித்துப்போனது. காரணம் நான் எதிர்பார்க்காதது. "நான் தொடுற வரைக்கும் அதுவும் நிக்குது. பெல் அடிச்சா அப்படியே வச்சுட்டு ஓடலாம். வந்து பாத்தா எலி அதே இடத்துல நிக்குது, பாவம்." நாம் நகர்ந்தால்தான் எதிரி நகரும் என்பது இந்த வகையின் அடிப்படை. அக்கா மகனுக்கு இதுதான் பெரிய குறை, சப்பென்று இருக்கிறதாம். அவனை யாரும் பெல் அடித்துக் கூப்பிடுவதில்லை.

ஆனால் அக்காவுக்கு ஒரு பெரிய சிக்கல். குப்பி.

பன்னிரண்டு நிறம், பன்னிரண்டு மருந்து. எந்த நிறத்தில் எந்த மருந்து என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். ஒன்று உயிர் கொடுக்கும், ஒன்று எரிக்கும், ஒன்று கை கால் இழுத்துக்கொள்ளும் புகை, ஒன்று விஷ வாயு. குடித்துப் பார்த்தால்தான் தெரியும். இல்லை, பெயர் அறியும் சுருள் கிடைத்தால் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அக்கா குடிக்கவே மாட்டார்.

"லேபிள் இல்லாத மருந்த எவனாவது குடிப்பானா? இருவது வருஷமா இதத்தான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்கேன்."

ஏழாவது தளத்தில், சிறைச்சாலை வாசலில் ஓர் எலும்புக்கூடு அடித்து அவர் செத்தபோது பையில் பதினொரு குப்பி இருந்தது. அதில் மூன்று ஒரே நிறம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே நிறம் இத்தனை சேர்ந்தால் அது அநேகமாக உயிர் மருந்து, அதுதான் அடிக்கடி கிடைப்பது என்று விளக்கினேன். கெட்ட மருந்து என்று சந்தேகம் வந்தால் குடிக்க வேண்டாம், எதிரிமேல் எறியலாம் என்றேன். உடம்பு முழுதாக இருக்கும்போது, தண்ணீர் ஓரமாக நின்று, சுற்றிலும் யாரும் இல்லாதபோது குடித்துச் சோதிப்பதுதான் முறை என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அநேகமாங்கிறது மருந்துல கெடையாது தம்பி" என்று முடித்துவிட்டார்.

அவர் கருத்து, இது ரொம்பக் கஷ்டமான விளையாட்டு, ஆனால் நியாயமானது. ஏழாவது தளத்துக் கருத்து.

நான்காவது, மொபைல் கடை நண்பன். அவன் எல்லா வீரர்களையும் வைத்துத் தாயத்தை எடுத்துவிட்டான். ஒருமுறை ஜெயித்தபின் கூடுதலாகக் கஷ்டப்படுத்திக்கொள்ள ஒன்பது சவால்கள் திறக்கும். அதில் ஒன்றைப் போட்டால் உயிர் மருந்தே விஷமாகிவிடும். அவன் நாலைந்து சவாலை ஒன்றாகப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் சால்டரிங் இரும்பைப் பிடித்தபடி ஆடுகிறவன். கருத்து கேட்டால் ஒரே வார்த்தை. "ஈஸிதான் மாப்ள."

அக்கா மகன் அவனிடம் போய் யோசனை கேட்டிருக்கிறான். "கதவுல நின்னு ஆடு, சுருளை எல்லாம் ஒரே கவசத்துல போடு, அவ்வளவுதான்" என்றானாம். எல்லாம் உண்மை. ஐந்து தளத்துக்கு மூன்று மேம்பாட்டுச் சுருள் கட்டாயம் கிடைக்கும், அவற்றைப் பத்துப் பொருளுக்குப் பங்கு வைத்தால் ஒன்றும் உருப்படாது. ஆனால் மூன்றாவது தளத்தில் சாகிறவனுக்கு இது என்ன உதவி? பையன் பயந்துபோய், கதவைக் கண்டாலெல்லாம் அங்கேயே காத்து நின்று, பசியில் செத்தான். இதில் பசி என்பது கடிகாரம். 300 நகர்வில் பசிக்கும், 450இல் பட்டினி, அப்புறம் உயிர் சொட்டுச் சொட்டாகக் குறையும். ஒரே இடத்தில் உட்காரவிடக் கூடாது என்பதற்காகவே வைத்தது.

அவனை நிஜமாகத் தேற்றிவிட்டது நர்ஸ் அக்காதான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "நண்டு வந்தா ஓடாத. அது உன்னைவிட வேகம், ஓடுனா முதுகுலதான் அடி. நின்னு அடி. முன்னாடியே கல்லு இருந்தா எறி" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே ஆறாவது தளத்துக்குப் போய்விட்டான். நண்பன் நண்டை மறந்தே போயிருந்தான். அவனுக்கு அது ஓர் எதிரியாகவே மனதில் இல்லை. அக்காவுக்கு நண்டு நேற்றைய விஷயம். இதை நண்பனின் அப்பாவிடம் சொன்னபோது ஆச்சரியப்படவே இல்லை. தறியில் புதிதாக உட்காருகிறவன் சந்தேகத்தைப் பக்கத்துத் தறிக்காரனிடம்தான் கேட்பானாம். "மாஸ்டர்கிட்ட கேட்டா, கை பாத்துக்கும்பாரு. அவரு கை பாத்துக்கும், இவன் கை எப்படிப் பாக்கும்?"

அதிலிருந்து யார் என்ன கருத்து சொன்னாலும் முதலில் தளத்தைக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நாலாவது தளத்துக்காரர் லக்கு என்பார். பன்னிரண்டாவது தளத்துக்காரர் எல்லாம் என் தப்பு என்று கொஞ்சம் அதிகமாகவே கன்னத்தில் போட்டுக்கொள்வார். இருபதில் குள்ளர்களின் அரசனிடம் செத்தவர் விளையாட்டைச் செய்தவரைத் திட்டுவார். தாயத்து எடுத்தவர் ஈஸி என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. நானே இந்த நாலையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். ஈஸி என்று மட்டும் இரண்டு வாரம்தான் சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது தளத்தில் ஓர் எலியிடம் செத்தேன்.

எனக்கென்று குறை இல்லாமலா. முதல் நாலு தளம் நூறாவது முறை ஆடும்போது தூக்கம் வருகிறது. கலைத்துப் போட்டாலும் சாக்கடை சாக்கடைதான். என் கட்டைவிரலுக்கு ஒரு கட்டம் சின்னது. 25ஆவது தளத்தில், பதினோரு நாள் மதியங்களைக் கொட்டி வளர்த்த வேட்டைக்காரி, நான் ஒரு கட்டம் தள்ளித் தொட்டதால் போனாள். அன்றைக்கு வரவு செலவில் ஒரு மூட்டை கூடுதலாக எழுதிவிட்டேன். முதலாளி கண்டுபிடித்துவிட்டார். காரணம் கேட்டார், தலைவலி என்றேன்.

எது உண்மையான ரோக்லைக் என்று ஒரு சண்டை இருக்கிறது. அதில் எனக்கு ஆர்வம் இல்லை. 2008இல் பெர்லினில் கூடி இலக்கணமே எழுதியிருக்கிறார்கள். விளக்குத்தூண் பக்கம் எது அசல் ஜிகர்தண்டா என்று நடக்கும் பேச்சைக் கேட்டவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. அக்கா மகன் இப்போது பலாட்ரோ என்ற சீட்டு விளையாட்டில் இருக்கிறான். 2024இல் வந்தது, பழைய டிவி மாதிரி கோடு ஓடும் திரை, ஒரே ஆள் செய்தது, முகம் காட்டாத ஆள். அதுவும் இந்த வகையின் ஒன்றுவிட்ட தம்பிதான். பணம் வைத்துச் சூதாடாத ஆட்டம். ஆனாலும் திரையில் சீட்டைப் பார்த்த என் அக்கா வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். அக்காவை மட்டும் சொல்லி என்ன. ஐரோப்பாவிலும் சீட்டு படம் இருக்கிறதே என்று 2024இல் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தி, 2025இல்தான் 12 என்று இறக்கினார்கள்.

அக்கா வீட்டில் இதற்கு முன்னாலேயே ஒரு ரகளை நடந்திருக்கிறது. பத்தாவது தளத்தில், சிறையின் கடைசியில், ஒரு ஜப்பானிய மாயாவி நிற்பான். மறைந்து மறைந்து வேறு இடத்தில் தோன்றி, கத்தி நட்சத்திரம் வீசுவான். பெயர் டெங்கு. பையன் ஒரு நாள் ராத்திரி போர்வைக்குள் இருந்துகொண்டு போனில் யாரிடமோ, "டெங்கு வந்துருச்சுடா, பொழைக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். அக்கா அடுப்பில் நிலவேம்புக் கசாயத்தை ஏற்றிவிட்டுத்தான் எனக்கே போன் போட்டாள். காய்ச்சியதை வீணாக்கக் கூடாது என்று அவனைக் குடிக்கவும் வைத்துவிட்டாள்.

போன வியாழக்கிழமை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தால், விடியற்காலை 3:10க்கு நர்ஸ் அக்காவிடமிருந்து செய்தி.

"தம்பி, நீலக் குப்பியைக் குடிச்சிட்டேன். நீ சொன்ன மாதிரி தண்ணி ஓரமா நின்னுதான். உயிர் மருந்து. உடம்புல ஒரு குறையும் இல்லாதப்ப குடிச்சதால வேஸ்ட். பரவால்ல, பேரு தெரிஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு இருக்கு."

அதற்குக் கீழே, 3:40க்கு இன்னொன்று.

"பத்தாவது. டெங்கு."

அதற்கும் கீழே, 3:41.

"ரெண்டும் பையிலயே இருக்கு."